நாலாவது பெயர்

பாறசாலை
20.5.2024

அன்பு மகள் ஷாலுவுக்கு அம்மா லீலாபாய் எழுதிக்கொள்வது.

முதலில் சந்தோஷ சமாசாரம். நேற்று ஆராதனையில் நம் வீட்டுப் பெயரை மூன்று தரம் வாசித்தார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒரே வீட்டிலிருந்து, கர்த்தருக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரச் சீட்டு மூன்று இந்தச் சபையில் இதுவரை வந்ததில்லை என்று உபதேசியாரே சொன்னார். உனக்குத்தான் தெரியுமே, பிரசங்க நேரத்தில் தூங்குகிற ஜனம்கூட சீட்டு வாசிக்கும்போது விழித்துக்கொள்ளும். யார் வீட்டுப் பிள்ளை ஜெயித்தது, யார் வீட்டில் நோய் தீர்ந்தது என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள்.

உன் அண்ணன் ஷைஜுவின் மூத்தவன் விபின் டாக்டர் படிப்பின் கடைசிப் பரீட்சையிலும் ஜெயித்துவிட்டான். "லீலாபாய் அம்மாளின் பேரன் டாக்டர் விபின்" என்று போதகர் மைக்கில் வாசித்ததும், முன் பெஞ்சில் இருந்த நகைக்கடைக்காரி கழுத்தை ஒடித்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வேதப்புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தது அவன் தங்கை ஷெர்லின். நர்சிங் முடித்து, ஜெர்மன் பாஷைப் பரீட்சையும் பாஸாகி, விசாவுக்குக் காத்திருக்கிறாள். எனக்கு மலையாளமே எழுத்துக்கூட்டித்தான் வரும். என் பேத்தி ஜெர்மன் பேசுகிறாள். மூன்றாவது உன் அஜின். பத்தாம் கிளாஸில் எல்லாப் பாடத்துக்கும் ஏ பிளஸ். மகள் வழிப் பேரன் என்று தனியாகச் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். உன் வீட்டுக்கும் பெருமை வரட்டும் என்றுதான்.

இன்னொரு காரியம். வித்துராவில் பூட்டிக் கிடக்கிற அப்பாவின் மலைச்சரக்குக் கடைக்கு வேளை வந்துவிட்டது. விபின் ஹவுஸ் சர்ஜன் முடித்ததும் அதில் ஆஸ்பத்திரி வைக்கட்டும் என்று முடிவு பண்ணியிருக்கிறேன். போர்டு எழுத பெயிண்டரிடம் சொல்லியாயிற்று.

உன் போனுக்கு அடித்தால் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. ஈஸ்டர் நாளிலிருந்து இப்படித்தான். "மாமி உங்க நம்பரை பிளாக் பண்ணி வச்சிருக்கா பாட்டி" என்று ஷெர்லின் சொன்னாள். நான் நம்பவில்லை. பெற்ற தாயை யாராவது அப்படிச் செய்வார்களா? மலைப்பக்கம் சிக்னல் கிடைக்காமல் இருக்கும். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

முன்னறைச் சுவரில் மாட்ட மூன்று பேருக்கும் ஒரே மாதிரிக் கண்ணாடிச் சட்டம் வாங்கி வைத்திருக்கிறேன். அஜினின் போட்டோ ஒன்று அனுப்பு. ஸ்கூல் கார்டில் உள்ளது வேண்டாம். முழு உருவம் வேண்டும்.

சின்னவளைக் கர்த்தர் காப்பார்.

அம்மா


வித்துரா
28.5.2024

அம்மாவுக்கு,

ஷெர்லின் சொன்னது சரி. சிக்னல் இல்லாமல் இல்லை. நான்தான் உங்கள் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன்.

உங்களுக்குப் பேரப்பிள்ளைகள் நாலு பேர். நாலாவது பெயரையும் உங்கள் சபையில் வாசித்தார்கள். மறந்துவிட்டீர்களா? குருத்தோலை ஞாயிறு. "லீலாபாய் அம்மாளின் பேத்தி, ஒன்பது வயதாகியும் பேச்சும் புத்தியும் வராத லிபிக்காகவும், அந்தக் குடும்பத்தின் மேலுள்ள சாபம் நீங்கும்படியும் ஜெபிப்போம்." நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டு. எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை. அவளுக்கு மைக் சத்தம் ஆகாது என்று உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? ஸ்பீக்கருக்கு நேர் கீழே இடம் போட்டு வைத்திருந்தீர்கள், எல்லாரும் பார்க்கட்டும் என்று. அவள் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். சபை முழுவதும் திரும்பியது. நீங்கள் என் காதில் சொன்னது இதுதான்: "இத வெளிய கொண்டு போ மக்களே, நாணக்கேடு." கையில் குருத்தோலையோடு நின்றுகொண்டு சொன்னீர்கள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். என் பின்னால் ஒருவரும் வரவில்லை, நீங்களும் வரவில்லை.

எங்கள் பக்கத்திலும் ஒரு ஜெயம் உண்டு. போன வாரம் லிபி தானாகவே செருப்பு போட்டாள். இடம் வலம் மாறாமல். வலது செருப்பின் வாரில் சிவப்பு ரிப்பன் கட்டி, போன மழைக்காலத்திலிருந்து நாள்தோறும் பழக்கினோம். போட்டுவிட்டுக் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு தன் கன்னத்தில் தானே தட்டிக்கொண்டு சிரித்தாள். சுற்றியிருந்த தாய்மார் எல்லாரும் அழுதுவிட்டோம். இதற்கெல்லாம் உங்கள் ஊரில் சீட்டு வாசிக்க மாட்டார்கள் என்று தெரியும். சும்மா எழுதுகிறேன்.

நாங்கள் யார் என்று கேட்பீர்கள். இவளைப் போல் ஆறு பிள்ளைகள், அவர்களுடைய அம்மாக்கள். சந்தை ரோட்டில் பேக்கரிக்கு மேலே ஒரு அறையில் பகல் வீடு நடத்துகிறோம். முறை வைத்து ஒரு நாளைக்கு ரெண்டு அம்மாக்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் மற்ற நாலு பேரும் வேலைக்குப் போகலாம். புதன்கிழமை தோறும் பிசியோதெரபி டீச்சர் வருகிறார். பொன்முடி தேயிலைத் தோட்ட லயத்தில் ராஜமணி என்று ஒருத்தி, கொழுந்து பறிக்கிறவள். அவள் மகன் பெருமாள் நடந்தால் விழுவான், பேசமாட்டான். காலையில் முதல் பஸ்ஸில் அவனைக் கண்டக்டர் கையில் ஏற்றிவிடுவாள். கண்டக்டர் முன் சீட்டில் தன் பக்கத்தில் உட்கார வைத்து, வளைவெல்லாம் இறக்கிக் கொண்டுவருவார். சந்தையில் ஆட்டோக்காரன் தாணுமாலையன் அவனைத் தூக்கி எங்களிடம் தருவான். சாயங்காலம் அப்படியே திரும்பிப் போவான். பெருமாள் நாக்கால் 'டிங் டிங்' என்று பெல் அடிப்பான். அவன் அடித்தால்தான் பஸ் நகரும் என்று கண்டக்டர் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

ஓணத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் பேக்கரிக்காரர். கேக் வாங்க வருகிறவர்கள் மேலே கேட்கும் சத்தத்துக்குப் பயப்படுகிறார்களாம். வேறு இடம் கேட்டு அலைந்தாயிற்று. "நல்ல காரியமாணு சேச்சி, பட்சே நம்ம கெட்டிடம் வேண்டா" என்று எல்லாரும் ஒரே பாட்டு.

அப்பாவின் கடை ரோட்டை ஒட்டி இருக்கிறது. மாடிப்படி ஏற வேண்டாம். எங்களில் அபிஜித் என்கிற பையன் சக்கர நாற்காலிதான், அவனை இப்போது ஆள் பிடித்துத் தூக்குகிறோம். கடை வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது. சாவி உங்கள் கையில் இருக்கிறது.

குருத்தோலை ஞாயிற்றுக்கு அப்புறம் உங்களிடம் எதுவும் கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன். சாவியைத் தாருங்கள்.

ஷாலு


பாறசாலை
10.6.2024

மகளே,

உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து கஞ்சி இறங்கவில்லை. தாய்க்கு இப்படி எழுத உனக்கு யார் சொல்லித் தந்தது? நான் அஞ்சாம் கிளாஸ் வரை படித்தவள். அந்த அஞ்சு கிளாஸை வைத்துக்கொண்டுதான் உன் அண்ணனைக் கழக்கூட்டத்துக் கம்பெனியில் வேலை பார்க்க வைத்தேன், உன்னை நர்ஸாக்கினேன். வெள்ளை உடுப்பு போட்டு நீ முதல்நாள் வந்து நின்றது என் கண்ணில் இருக்கிறது. அந்த வேலையை விட்டுவிட்டு, இப்போது பேக்கரிக்கு மேலே செருப்பு போடப் பழக்குகிறாய்.

நான் எழுதிக் கொடுத்தது ஜெபச் சீட்டு. ஏச்சு அல்ல. பிள்ளைக்கு சுகம் இல்லையென்றால் ஜெபம் கேட்காமல் வேறு என்ன கேட்பார்கள்? சாபம் என்று எழுதியது உன்னைக் குத்துவதற்கு அல்ல. வேதத்தில் இருக்கிற வார்த்தை. எனக்குத் தெரிந்த வார்த்தையை வைத்துத்தானே எனக்கு எழுத வரும்? நீ படித்தவள், வேறு வார்த்தை இருந்தால் எனக்குச் சொல்லித் தந்திருக்கலாம். அந்தப் பிள்ளைக்காக வெள்ளிக்கிழமைகளில் நான் உபவாசம் இருப்பது உனக்குத் தெரியுமா? அதற்கு மைக் கிடையாது. அதனால் உனக்குக் கேட்காது.

கடை தர முடியாது. போர்டு எழுதி வந்துவிட்டது. நல்ல அயினிப் பலகை, வெள்ளையில் நீல எழுத்து. உன் அப்பா அந்தச் சந்தையில் நல்லமிளகு மூட்டை சுமந்து, பிறகு கடை போட்டவர். "லேய் ராஜையா" என்று அவரை விரலைச் சொடுக்கிக் கூப்பிட்ட தெரு அது. அதே தெருவில் அவர் பேரனுடைய பெயருக்கு முன்னால் டாக்டர் என்று எழுதியிருப்பதை எல்லாரும் அண்ணாந்து வாசிக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை காலம் பூட்டி வைத்தேன். அங்கே உன் பிள்ளைகள் கூச்சல் போட்டுக் கிடந்தால் பின்னே அவனிடம் நோயாளி வருவானா? ராசியில்லாத இடம் என்று பேர் விழுந்துவிடும். ஒரு தரம் விழுந்த பேர் போகாது.

நீ கோபப்பட்டாலும் பட்டுக்கொள். நாகர்கோவில் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற ஹோம் ஒன்று இருக்கிறது. நம் பெண்கள் சங்கத்திலிருந்து கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டு போனோம். தரையில் சோறு போட்டு எடுக்கலாம், அவ்வளவு சுத்தம். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பாட்டுக் கேட்டன. அங்கே கொண்டு விடு. மாப்பிள்ளை மஸ்கட்டில் கிடந்து கஷ்டப்படுகிறார், நீயும் பழைய வேலைக்குப் போ. அந்தப் பொன்முடிக்காரிக்கும் சொல்லிக் கொடு. பெற்ற பாவத்துக்கு ஆயுசு முழுவதும் சுமக்க முடியுமா?

அஜின் போட்டோ வரவில்லை. விபினும் ஷெர்லினும் சுவரில் ஏறிவிட்டார்கள். நடுவில் ஒரு சட்டம் காலியாக நிற்கிறது. வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

அம்மா


வித்துரா
25.9.2024

அம்மா,

அஜினுடைய போட்டோ இதனுள் இருக்கிறது. ஓணத்தன்று எடுத்தது. தனியாக நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். லிபியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஷைஜு அண்ணன் புதுவீட்டுப் பால்காய்ப்பில் எடுத்த குடும்பப் படத்தில் நீங்கள் செய்ததுபோல் இதிலும் கத்தரி வைக்க வேண்டாம். அந்தப் படத்தில் என் தோளில் ஒரு சின்னக் கை மட்டும் மிச்சம் இருக்கிறது. கை யாருடையது என்று உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பதில்லையா?

பகல் வீடு மூடியாயிற்று. பாய்களையும் பெரிய பந்துகளையும் தாணுமாலையன் கொண்டுவந்து என் வீட்டுச் சாய்ப்புக் கூரையடியில் போட்டான். மழை அடித்துப் பாய் எல்லாம் பூஞ்சை பூத்துவிட்டது.

காலையில் லிபி பையை மாட்டிக்கொண்டு கேட்டில் போய் நிற்கிறாள். ஆட்டோ வராது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? வெயில் ஏறும்வரை நிற்கிறாள். அப்புறம் செருப்பைக் கழற்றி ஒவ்வொன்றாக ரோட்டில் எறிகிறாள். நான் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருகிறேன். பக்கத்து வீட்டு அம்மை கேட்டைப் பூட்டி வைக்கச் சொல்கிறாள். இப்போது பூட்டித்தான் வைக்கிறேன்.

ராஜமணி, பெருமாளைக் கட்டில் காலோடு சேலையால் கட்டிவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிறாள். "என்ன செய்ய அக்கா, அவுத்து விட்டா அடுப்புல கைய வைக்கான்" என்று என்னிடமே சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளிடம் நீங்கள் எழுதிய ஹோமைப் பற்றிச் சொன்னேன். இப்படியும் எனக்கு ஒரு அம்மா என்று சொல்லிச் சிரிப்பதற்காகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அது எங்க இருக்கு அக்கா?" என்று கேட்டாள்.

ஷாலு


பாறசாலை
14.10.2024

ஷாலுவுக்கு,

போட்டோ கிடைத்தது. அஜினுக்கு அவன் தாத்தாவின் அதே நெற்றி. வெட்டவில்லை. நீ சொன்னதைக் கேட்டேன். ஆனால் சட்டம் ஒரு ஆள் அளவுக்கு வாங்கியது. அதனால் லிபி நிற்கிற பக்கத்தைப் பின்னால் மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். அவளும் கண்ணாடிச் சட்டத்துக்குள்தான் பத்திரமாக இருக்கிறாள். உனக்குக் குறை ஒன்றும் இல்லையே?

விபினுக்கு லண்டன் யோகம் வந்துவிட்டது. ஹவுஸ் சர்ஜன் முடிந்ததும் அந்த ஊர்ப் பரீட்சையை எழுதி அங்கேயே டாக்டராக இருக்கப் போகிறான். அதற்கும் சீட்டு வாசித்தாயிற்று. நகைக்கடைக்காரி எழுந்து வந்து கை கொடுத்தாள். போர்டு எழுதி வைத்திருக்கிறதே மக்களே என்று அவனிடம் கேட்டேன். "வித்துராவுல போயி யாரு பாட்டி இருப்பா?" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லவில்லை.

கடையை மொபைல் கடைக்காரன் ஒருவனுக்கு வாடகைக்கு விடலாம் என்று ஷைஜு பிடிவாதமாக நிற்கிறான். நான் சம்மதிக்கவில்லை. லண்டன் போனவர்கள் திரும்பி வராமலா இருக்கிறார்கள்? போர்டைப் பழைய வேட்டியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். கடை இப்போது சும்மாதானே கிடக்கிறது என்று நீயும் ஆரம்பிக்காதே. சும்மா கிடக்கவில்லை. காத்துக் கிடக்கிறது.

தோட்டக்காரி பிள்ளையைக் கட்டிலில் கட்டுகிறாள் என்று எழுதி என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் பார்க்கிறாய். கயிறு நானா எடுத்துக் கொடுத்தேன்? உன்னையும் இடுப்பில் துணி கட்டித் தூணில் மாட்டிவிட்டுத்தான் நான் மரச்சீனிக் கிழங்கு அவித்தேன். நீ தேய்ந்தா போனாய்? வளர்ந்து எனக்குக் கணக்குக் கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டாய்.

கிறிஸ்துமஸுக்கு வருவாயல்லவா? முறுக்கும் முந்திரிக்கொத்தும் அஜினுக்குப் பிடிக்கும். கடைசி வாரத்தில் மாவு இடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா


வித்துரா
2.12.2024

அம்மா,

வெட்டினாலும் மடித்தாலும் எனக்கு ஒன்றுதான்.

ராஜமணி, பெருமாளை அந்த ஹோமில் கொண்டு விட்டுவிட்டாள். அவளுக்கு வழி தெரியாது என்று நான்தான் கூடப் போனேன். நீங்கள் எழுதியது பொய்யில்லை. சுத்தமான இடம். யாரும் அடிக்கவில்லை, யாரும் ஏசவில்லை. பிள்ளைகள் வரிசையாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

நேற்று பார்க்கப் போனோம். எல்லாருக்கும் மொட்டை அடித்திருந்தார்கள். பேன் என்று சொன்னார்கள். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சட்டை. வரிசையில் எது தன் பிள்ளை என்று கண்டுபிடிக்கப் பெற்றவளுக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து 'டிங் டிங்' என்றாள். அவன் திரும்பவில்லை. இன்னும் ஒரு தடவை செய்தாள். அவன் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இடத்துக்குப் பஸ் சத்தம் கேட்காது அம்மா. ரோடு ரொம்பத் தள்ளி இருக்கிறது.

திரும்பி வருகையில், நெடுமங்காட்டில் பஸ் மாறும்போது, "ஒரு ரூம் இருந்திருந்தா போதும்லா அக்கா" என்றாள். வழி காட்டினவள் நான்.

லிபி இப்போது செருப்பே போடுவதில்லை. சிவப்பு ரிப்பனைப் பிய்த்து எறிந்துவிட்டாள். பழக்கினதெல்லாம் போயிற்று. உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன், எங்கள் வீட்டில் ஜெயித்தவர்கள் இனி அஜின் ஒருவன்தான். உங்கள் சுவரில் உள்ளது போலவே.

கிறிஸ்துமஸுக்கு நாங்கள் வரவில்லை. முந்திரிக்கொத்து அனுப்ப வேண்டாம். இனி எழுதவும் வேண்டாம்.

ஷாலு


பாறசாலை
20.1.2025

ஷாலு,

எழுதாதே என்று எழுதினாய். எழுதுகிறேன். பெற்றவளுக்கு அந்த அதிகாரம் உண்டு.

போன புதன்கிழமை வித்துராவுக்கு வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. கூப்பிடாத வீட்டுப் படியை நான் மிதிப்பதில்லை, அது மகள் வீடாக இருந்தாலும். சந்தையில் பஸ் இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தேன். ராஜையன் மலைச்சரக்குக் கடைக்கு விடச் சொன்னேன்.

"அது பூட்டிக் கிடக்குல்லா அம்மச்சி, அங்க எதுக்கு?" என்று ஆட்டோக்காரன் கேட்டான்.

"சும்மா பாக்கதுக்கு."

"அந்தக் கடையத்தான் கொச்சுப்பிள்ளைகளுக்குக் கேட்டாவ. சாவி வச்சிருக்க கிழவி முடியாதுன்னுட்டா. பேரன் டாக்டராம், அவன் போர்டு மாட்டணுமாம்."

"பேரன் வந்தானா?"

"எங்க வந்தான்? இப்ப உள்ள எலிதான் டாக்டர், கரப்பான் பாச்சாதான் நர்சு."

இறங்கும்போது, "அந்தக் கிழவி நான்தான் மக்களே" என்றேன். பையன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். காசு வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். தாணுமாலையன் இவன்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. காசை வலிய அவன் சட்டைப் பையில் திணித்தேன். கிழவி என்று சொன்னதற்காக ஓசியில் போவேனா?

பூட்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. பக்கத்துத் தையல்கடை பிச்சைக்கனிதான் மெஷின் எண்ணெய் ஊற்றித் திறந்தான். உள்ளே கூரை ஒழுகியிருக்கிறது. எலி பத்தாயத்தையே தின்றிருக்கிறது. இதைத்தான் நான் காத்துக் கிடக்கிறது என்று உனக்கு எழுதினேன்.

வாசலில் ஓடை குறுக்கே போகிறது, சக்கர நாற்காலி தாண்டாது என்று தாணுமாலையன் சொன்னான். விபினுடைய போர்டு நல்ல உறுதியான அயினிப் பலகை. சனிக்கிழமை லாரியில் ஏற்றி அனுப்பினேன். எழுத்துப் பக்கத்தைக் கீழே வைத்து ஓடைக்கு மேலே குப்புறப் போடச் சொல்லியிருக்கிறேன். பெயரை யாரும் மிதிக்க வேண்டாம். அவன் ஒன்றும் பாவம் செய்யவில்லை, கிறிஸ்துமஸுக்கு ஒரு போன் பண்ணவில்லை, அவ்வளவுதான்.

சாவி பிச்சைக்கனியிடம் இருக்கிறது. போய் வாங்கிக்கொள். ஷைஜு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். "மொபைல் கடைக்காரங்கிட்ட வாக்கு கொடுத்தாச்சு, எனக்க மானம் போச்சு" என்று வாசலில் நின்று கத்திவிட்டுப் போனான். ஆக ரெண்டு பிள்ளைகளும் என்னோடு பேசுவதில்லை. பெரிய வீடு. சுவரில் உள்ளவர்கள்தான் துணை.

நேற்று ஆராதனையில் நாலாவது பெயருக்கும் சீட்டு கொடுத்தேன். "லீலாபாயின் மகள் வழிப் பேத்தி லிபி, தானாகவே செருப்பை இடம் வலம் மாறாமல் போட்டதற்காக ஸ்தோத்திரம்." உபதேசியார் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இத எப்பிடி அம்மா வாசிக்கது? ஜனம் சிரிக்கும்."

"எனக்கப் பேரன் பாஸானப்ப வாசிச்சீரில்லா? அதே வாயால வாசியும். மைக்க மட்டும் நிறுத்திரும்."

"பிள்ளைதான் வரல்லியே?"

"வரல்ல. இருந்தாலும் நிறுத்தும்."

போதகர் மைக்கை நிறுத்திவிட்டுத்தான் வாசித்தார். சிரித்தார்கள். முதலில் பின் பெஞ்சில் பையன்கள். பிறகு பெண்கள் பக்கம். நகைக்கடைக்காரி முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு குலுங்கினாள். நான் எழுந்து நின்றேன். சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். "பின்னால உள்ளவங்களுக்குக் கேட்டிருக்காது, இன்னும் ஒருக்க வாசியும் போதகரே" என்றேன். மறுபடியும் வாசித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஆமென் சொல்லவும் ஆள் இல்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து பெண்கள் சங்கத்துக்காரிகள் ஒருத்தியும் என்னோடு வரவில்லை. வழக்கமாக எனக்குக் குடை பிடிக்கிறவளும் முன்னாலேயே போய்விட்டாள். அந்தப் பெரிய வாசலில் இறங்கித் தனியாக நடந்தேன். குருத்தோலை ஞாயிற்றில் நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாயே, அதே வாசல். அங்கிருந்து ரோடு வரைக்கும் இவ்வளவு தூரம் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

பழக்கினதெல்லாம் போயிற்று என்று எழுதியிருந்தாய். அதனால் என்ன? ஜெயித்தது ஜெயித்ததுதான். நீ திரும்பப் பரீட்சை எழுதிக் காட்டு என்று விபினிடம் யாராவது கேட்கிறார்களா?

இதை நான் மன்னிப்புக் கேட்டு எழுதுவதாக நினைக்காதே. ஜெபச் சீட்டு எழுதினது தப்பு என்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை. ராஜமணியிடம் ரூம் இருக்கிறது என்று சொல். இப்போது சொன்னால் அவளுக்கு எரியும். எரிந்தாலும் சொல். பஸ் சத்தம் கேட்கிற இடம் என்றும் சொல். அந்த ஹோமைப் பற்றி முதலில் எழுதினது யார் என்று அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறதா? இருக்கிறது என்றால் எனக்கு எழுத வேண்டாம்.

சுவரில் இருந்த போட்டோவை வெளியே எடுத்தேன். மடிப்பு சரியாக லிபியின் கை மேல் விழுந்திருக்கிறது. அஜின் பிடித்திருக்கிற கை. அந்த இடம் வெளுத்து வெடித்துவிட்டது. வேதப்புத்தகத்துக்கு அடியில் வைத்துப் பார்த்தேன், நிமிரவில்லை. ஆகையால் அவளைப் புதிதாக ஒரு போட்டோ எடு. வெறுங்காலோடு நின்றாலும் சரி, கால் தெரிய வேண்டும். மற்ற மூன்று பேரையும்விடப் பெரிய சட்டமாக வாங்கி, ஆணியும் அடித்துவிட்டேன். உறையில் அட்டை வைத்து, மடிக்காமல் தபாலில் போடு.

அம்மா